எலியேசர் அங்கிள் பக்கம் அவுட்

டெபோரா பேட்டைப் பிடித்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. முட்டி லேசாக மடங்கியிருக்கும், தலை ஆடாது, கண் பந்தை விட்டு நகராது. பந்து ஆஃப் சைடில், அதாவது அவளுக்கு வலது கைப் பக்கம் வந்துவிட்டால் போதும், தரையோடு தரையாக எல்லைக் கோட்டுக்கு ஓடும். எதிரணிக்காரிகளே கை தட்டியிருக்கிறார்கள். ஆனால் பந்து அவள் காலுக்கு நேராக வந்தால் கதை வேறு. கத்துக்குட்டிகூட இடது பக்கம் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடிவிடும் பந்து அது. இவளுக்கோ முன்கால் தானாகக் குறுக்கே போகும். அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு பேட் வருவதற்குள் பந்து காலில் கட்டிய பேடில் மோதியிருக்கும். அம்பயர் விரலைத் தூக்குவார். எதிர்முனையில் நின்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

நான் சினேகா. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு முட்டுச் சந்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு. பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். டெபோராவுக்குக் கோபமே வராது. அதனால்தானோ என்னவோ, எங்கள் கிளப் அணியில் முதலில் இறங்குவது எப்போதும் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் திட்டு வாங்குவாள், நான் திட்டுவேன், ரன் மட்டும் எப்படியோ வந்துகொண்டிருக்கும்.

கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் கணக்கு டீச்சர். சத்தம் போட்டுப் பாடம் நடத்தத் தெரியாது. அவள் பேசுவது காதில் விழவேண்டுமே என்று பிள்ளைகள்தான் வாயை மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பாள். ஆராதனை முடிந்ததும் சுடிதாரோடு ஸ்கூட்டியில் ஏறி, கால் வைக்கும் இடத்தில் கிரிக்கெட் பையைத் திணித்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவாள். நாற்காலியை இழுக்கமாட்டாள், தூக்கித்தான் நகர்த்துவாள். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளில் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அடக்கமான பெண் என்பார்கள். அடக்கம் இல்லை, பழக்கம். அவள் வளர்ந்தது பகலில் ஒருவர் தூங்கும் வீட்டில்.

அவளுடைய அப்பா எலியேசர் அங்கிளுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் வேலை. தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நைட் ஷிப்ட்தான். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, தெருவைப் பார்த்த அறையில் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதுவரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்கும் என்று ஞானஜோதி ஆன்ட்டி பானையில்தான் சோறு வடிப்பார். காலிங் பெல்லின் ஒயரை எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். தபால்காரர்கூட எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

இப்படிப்பட்ட வீட்டு வாசலில்தான் நாங்கள் கிரிக்கெட் கற்றோம். எங்களுக்கு வேறு இடம் ஏது? சந்தின் மூடிய முனையில் சுவர், அதில் கரித்துண்டால் மூன்று ஸ்டம்ப். வலது பக்கம் காலி மனை, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். இடது பக்கம் டெபோராவின் வீடு, அந்த அறையின் ஜன்னல், ஜன்னலுக்கு மேலே வெயிலுக்கு வைத்த தகரம். டென்னிஸ் பந்து பட்டாலும் அந்தத் தகரம் ஊரைக் கூட்டும்.

எல்லாத் தெருவிலும் இப்படி விதிகள் உண்டு. சுவரைத் தாண்டினால் அவுட், மாடியில் விழுந்தால் அவுட். எங்கள் சந்தின் விதி, எலியேசர் அங்கிள் பக்கம் அவுட். அந்தப் பக்கம் பந்து உருண்டாலே அவுட். மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் ஏமாற்றுவார்கள். டெபோரா ஏமாற்றமாட்டாள். பந்து இடது காலுக்கு வந்தால் காலைக் குறுக்கே போட்டாவது தடுப்பாள், அடிக்கமாட்டாள். முழங்காலெல்லாம் டென்னிஸ் பந்து பட்ட சிவப்பு வட்டமாக இருக்கும். அன்றைக்கு எங்களுக்கு அது வேடிக்கை. அந்த ஆட்டம்தான் அவள் உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. காலி மனை அடுக்குமாடியாகி, நாங்கள் தெருவில் ஆடுவதை நிறுத்தி, தாம்பரத்தில் நிஜமான பந்தும் பேடுமாக ஒரு கிளப்பில் சேர்ந்த பிறகும், அவளுக்கு இடது பக்கம் என்று ஒரு பக்கமே இல்லை.

ரொம்ப நாள் அது வெளியில் தெரியாமல் இருந்தது. இந்த வருடம்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு லீக் மேட்சில் எதிரணியின் கேப்டன், பள்ளிக்கூடம் முடித்திருப்பாளோ என்னவோ, டெபோரா ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லெக் சைடில், அதாவது இடது பக்கம் நின்றவர்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு வலது பக்கம் அனுப்பிவிட்டாள். இடது பக்கம் மைதானமே காலி. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்தது போல் கிடந்தது. டெபோரா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள், பந்து காலுக்கு வந்தது, கால் குறுக்கே போனது, அவுட். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு பேட்டை அவர்கள் மேல் எறியலாம் போலிருந்தது.

எங்கள் கோச் ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. அவர் பொறுமைசாலி. போனில் வீடியோ எடுத்து அவளுக்கே காட்டினார்.

"டெபி, உன் ஃப்ரன்ட் ஃபுட்டைப் பாரு. பந்து வர்றதுக்கு முன்னாடியே குறுக்க போயிடுது. அங்க காலை வெச்சுட்டா பேட் எப்படி வரும்? காலை நேரா வை. பந்தைத் தேடிப் போகாத, கண்ணுக்குக் கீழ வர்ற வரைக்கும் விடு. அப்புறம் மணிக்கட்டை லேசாத் திருப்பு. அவ்ளோதான்."

கால் வழக்கமாகப் போகும் இடத்தில் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்தார். குறுக்கே போனால் செங்கல் இடிக்கும். தோளைக் கொஞ்சம் திறந்து நிற்கச் சொன்னார். பயிற்சி வலைக்குள் நின்று கையால் பந்து போட்டுக்கொண்டே இருந்தார். முதல் வாரம் செங்கல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு விழுவது நின்றது. ஒரு நாள் பந்து பேட்டின் நடுவில் பட்டு, இடது பக்க வலை புடைக்கப் போய் மோதியது. நான் விசில் அடித்தேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த பயிற்சி ஆட்டத்தில் வலை இல்லாத மைதானத்தில் நின்றதும் பழையபடி கால் குறுக்கே போனது.

ஸ்ரீரங்கன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நெட்ல அவ்ளோ அழகா அடிக்குற. மேட்ச்ல என்ன ஆகுது? எனக்கே புரியலம்மா. அடுத்த சீசன் டீமுக்கான செலக்‌ஷன் மேட்ச்ல லெக் சைடு ரன் வரலைன்னா, நான் என்ன சொன்னாலும் கமிட்டியில எடுபடாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். டெபோராவுக்கு இருபத்தாறு வயது. அகாடமியில் பயின்ற சின்னப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த முறை அணியை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நல்ல புடவை கேட்டதில்லை, சினிமாவுக்குப் போகலாம் என்று சொன்னதில்லை. பேட்டில் பந்து படும் சத்தம் ஒன்றுதான் அவள் தன் வாழ்க்கையில் போட்ட சத்தம். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் என்ன ஆவாள்?

அன்று ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. வலைக்குள் ஜன்னல் இல்லை. எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து எங்கேயும் போகாது. அதனால் அங்கே அடிக்கிறாள். மைதானத்தில் பந்து எங்கேயாவது போய் எதன் மேலாவது விழும். அதனால் அடிக்கமாட்டேன் என்கிறாள். கோளாறு மைதானத்தில் இல்லை, எங்கள் சந்தில் இருக்கிறது. அங்கே கற்றதை அங்கேயேதான் மறக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை டென்னிஸ் பந்துகளை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு போய் அவளை வாசலுக்கு இழுத்தேன். சுவரில் ஸ்டம்ப் வரைந்தேன். இடது பக்கத்தைக் காட்டி, "அடி" என்றேன்.

"அப்பா தூங்குறாரு" என்றாள் மெதுவாக.

"தெரியும். டென்னிஸ் பால்தானே. ஜன்னல்ல பட்டா பட்டுட்டுப் போகுது."

"வேணாம் சினேகா. கிரவுண்டுக்குப் போலாம்."

"கிரவுண்டுல என்னத்தக் கிழிச்ச? அந்தப் பொண்ணுங்க சிரிச்சது மறந்துடுச்சா? சின்ன வயசு ரூலை இன்னும் கட்டிக்கிட்டு அழுவுற. அங்கிள் உன்னை என்ன, தூக்குலயா போடப் போறாரு?"

என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது. டெபோரா என் வாயைப் பொத்தப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுகையிலும் சத்தம் இல்லை.

"அப்பா விரல் போனது என்னாலதான்" என்றாள்.

எலியேசர் அங்கிளுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் பாதிதான் உண்டு. மெஷினில் போனது என்று தெருவுக்கே தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"பத்து வயசுல, நீங்கல்லாம் ஊருக்குப் போயிருந்தீங்க. நான் மட்டும் இங்க ஆடிட்டிருந்தேன். லெக் சைடுல ஒண்ணு அடிச்சேன். நேரா அந்தத் தகரத்துல. அப்பா எழுந்து வந்து ஜன்னல்ல நின்னாரு. ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நைட்டுதான் விரல் போச்சு. தூக்கம் இல்லாமப் போயிருக்காரு. என்னாலதான். அப்புறம்தான் நான் உங்ககிட்ட வந்து அந்த ரூலைச் சொன்னேன்."

அந்த விதியை நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்டதாகத்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருத்தி போட்டுக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். நான் கத்திய கத்தலுக்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

அப்போது கேட் திறந்தது. லுங்கியும் பனியனுமாக எலியேசர் அங்கிள் நின்றார். கண் சிவந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது.

"இன்னா சினேகா, நீ கத்துறது தாம்பரம் ஸ்டேஷன் வரிக்கும் கேக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இன்னாம்மா இது? இத்தினி வருசமா இத்தயா சுமந்துகினு திரிஞ்ச?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"இந்தா, என்னப் பாரு. அன்னிக்குப் பந்து வுயுந்துச்சு, முயிச்சேன். ஜன்னலாண்ட வந்து பாத்தேன். நீ பேட்ட வெச்சிகினு பேய் அறைஞ்சாப்ல நின்ன. சிரிப்பு வந்துச்சு. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துட்டேன். நல்லாத் தூங்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன். மெஷினுக்கு முன்னால ஒரு தடுப்பு கீதுல்ல, கை உள்ள போவாம இருக்க? அத்தக் கயட்டி வெச்சிட்டானுங்க, வேலை சீக்கிரம் ஆவணும்னு. யாரு கை இருந்தாலும் போயிருக்கும். அன்னிக்கு என் கை இருந்துச்சு. இதுல உன் பந்து எங்கம்மா வந்துச்சு?"

"நிஜமாவா ப்பா?"

"கர்த்தர் மேல ஆணை வெக்கக் கூடாதுன்னு உங்கம்மா திட்டுவா. இல்லாங்காட்டி வெச்சிருப்பேன்."

பாதி விரலால் அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்து, விஷயம் என்ன, எதற்கு இந்த வாளி, எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கிரிக்கெட்டில் ஒரு மண்ணும் தெரியாது. மகள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கக்கூட வந்ததில்லை. ஆட்ட நேரம் அவருக்குத் தூக்க நேரம். கேட்டு முடித்ததும் ஜன்னலைக் காட்டினார்.

"இங்கதான? அடி. நான் போய்த் தூங்குறேன்."

"ப்பா, உங்க தூக்கம்..."

"காதாண்ட மேளம் வாசிச்சாலும் தூங்குற ஆளும்மா நானு. நீங்கதான் சும்மா வூட்ட ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிகினு கீறீங்க. இப்ப மெஷின் வேலைகூட இல்ல, ஸ்டோர்ல குந்திகினு கணக்குப் பாக்குறதுதான். ஜோதி, குக்கரை வை!"

ஞானஜோதி ஆன்ட்டி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தது, கணவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்ப்பது போலிருந்தது.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் குறட்டைச் சத்தம் வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஏறுவது போல. டெபோரா என்னைப் பார்த்தாள். நான் பந்தை எடுத்தேன். அவள் காலுக்கு முன்னால் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றாள்.

முதல் பந்து, கால் குறுக்கே போய்ச் செங்கல் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. உள்ளே குறட்டை நிற்கவில்லை. அவள் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள், மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்த பந்துக்குக் கால் நேராக வந்தது. கண்ணுக்குக் கீழ் பந்து வரும்வரை விட்டாள், மணிக்கட்டைத் திருப்பினாள். தகரம் ஊரைக் கூட்டியது. தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

குறட்டை நிற்கவில்லை.

பிறகு அடித்தாள் பாருங்கள். ஜன்னல் கம்பியில், தகரத்தில், கதவில், மறுபடி தகரத்தில். உள்ளே குக்கர் விசில் வேறு. எங்கள் அம்மா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்து, என்னடி ரகளை என்று கேட்டுவிட்டு, குறட்டையைக் கேட்டு மலைத்துப்போய்த் திரும்பினாள். டெபோரா சிரித்துக்கொண்டே அடித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததும் எனக்கு அதுதான் முதல் தடவை.

நடுவில் தண்ணீர் குடிக்க நான் அவர்கள் வீட்டுக்குள் போனேன். அந்த அறைக் கதவு திறந்திருந்தது. எலியேசர் அங்கிள் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். கண் இரண்டும் விழித்திருந்தது, ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தபடி, மூச்சை இழுத்து இழுத்து, கர்மசிரத்தையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியில் தகரம் அதிரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உரக்க விட்டார். என்னைப் பார்த்ததும் குறட்டையை நிறுத்தாமலே பாதி விரலை உதட்டின் மேல் வைத்தார். நான் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த எல்லாச் சனிக்கிழமையும் இதுதான். இரவெல்லாம் விழித்த மனுஷன் காலையில் வந்து எங்களுக்காகப் படுத்துக் குறட்டை விட்டார். நாங்கள் ஆடி முடித்த பிறகுதான் தூங்கியிருப்பார். டெபோராவிடம் நான் மூச்சுவிடவில்லை. அப்பா தூங்குகிறார் என்ற நம்பிக்கையில் அவள் கால் நேராகியிருக்கிறது, அதைக் கெடுக்க எனக்கு என்ன பைத்தியமா?

செலக்‌ஷன் மேட்சில் எதிரணிக்கு விஷயம் முன்பே போயிருந்தது. அவள் இறங்கியதுமே இடது பக்கத்தைக் காலி செய்துவிட்டார்கள். பந்து அவள் காலுக்கு வந்தது. கால் நேராக வந்தது. கண்ணுக்குக் கீழ் வரும்வரை விட்டாள். மணிக்கட்டு திரும்பியது, பேட்டில் பந்து பட்ட அந்தச் சத்தத்தை என் முனையிலிருந்து கேட்டேன். பந்து அந்தக் காலி மைதானத்தில் யாரும் துரத்தாமல் உருண்டு எல்லைக்குப் போனது. அதே இடத்துக்கு இன்னொன்று. மூன்றாவதற்குப் பிறகு அவர்கள் கேப்டன் ஒவ்வொருத்தியாக இடது பக்கம் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். வலது பக்கம் காலியானதும் டெபோரா தன் பழைய வேலையைக் காட்டினாள். வெளியே ஸ்ரீரங்கன் தொப்பியைச் சுழற்றியதைப் பார்த்ததும் எனக்குப் பந்தே தெரியவில்லை. கண் கலங்கிப்போய் அடுத்த ஓவரில் நான் அவுட். பரவாயில்லை. ஆட்டம் முடிந்து கமிட்டி வாசித்த அணியில் முதல் பெயர் அவளுடையது.

மத்தியானம் இருவரும் வீடு திரும்பினோம். சந்து முனையிலேயே ஸ்கூட்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழக்கம் போகுமா?

"அங்கிள்கிட்டச் சொல்லணும்டி" என்றேன். "அவரு குறட்டைதான் உன்னைக் காப்பாத்துச்சு. அப்பப்பா, என்னா குறட்டை!"

டெபோரா ஜன்னலருகில் நின்றாள். உள்ளே அங்கிள் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. மூச்சு வருவதுகூடத் தெரியவில்லை.

"எங்கப்பா குறட்டை விடமாட்டாரு சினேகா" என்றாள் மெல்ல. "சின்ன வயசுலேர்ந்து அந்தத் தூக்கத்துக்குக் காவல் இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ முதல் நாளே..."

"முதல் நாளே தெரியும். எனக்காக முழிச்சுட்டுதான் இருக்காருன்னு தெரிஞ்சதாலதான் என்னால அடிக்க முடிஞ்சுது. அவருகிட்டச் சொல்லிடாத. ரொம்ப ஆசையா விட்டாரு."

சொல்லிவிட்டு, கேட் கிறீச்சிடாமல் இருக்க அதை லேசாகத் தூக்கித் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.